மண் நிறமும் சாய நிறமும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட வழியில், 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி சுவரைக் கூர்ந்து பார்த்தார். நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடங்களில், அதனடியிலிருந்து சோழர் ஓவியம் தலைகாட்டியது. பின்னர் அதை ஆராய்ந்த வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன், அது ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டப்பட்டது என்றும், காவி, மஞ்சள்மண் போன்ற கனிம நிறங்களால் ஆனது என்றும் கண்டார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகும்போது நிறத்துகளையும் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மேலே வேறு ஓவியம் தீட்டியவர்கள் கீழே இருந்ததை மதித்தார்களா என்று தெரியவில்லை. ஆனால் வெளிச்சமும் புகையும் கைகளும் படாமல் அதைக் காத்தது அவர்கள் பூசிய பூச்சுதான்.

அதே கோயிலின் விமான அடித்தளக் கல்வெட்டுகளை 1858-ல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு இணைத்தார். வெள்ளி உப்பால் உருவாகும் படம் வெளிறிப் போகும் என்பதை அக்காலப் படக்காரர்கள் விரைவிலேயே உணர்ந்து, தங்க உப்புக் கரைசலில் அதை நனைத்தெடுக்கப் பழகினார்கள். ஓவியத்தில் தங்க ரேக்கு ஒட்டும் தஞ்சைக்கு அந்த வைத்தியம் விநோதமாகப் பட்டிருக்காது. தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படங்கள் காவிரி டெல்டா வீட்டுக் கூடங்களில் இன்னும் ஓரளவு தெளிவாகவே நிற்க, அவற்றுக்குப் பின்வந்த, சாயத்தால் ஆன கல்யாண வண்ணப்படங்கள்தாம் முதலில் சிவந்து வெளுத்தன. பிரேமைக் கழற்றினால், அட்டை மறைத்திருந்த விரல் அகல ஓரத்தில் மட்டும் பட்டுப்புடவை பழைய நிறத்தில் இருக்கிறது. நடுவில் முகத்தருகே பூஞ்சணம் படர்ந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது.

இப்போது வீட்டிலேயே பிரிண்டர் இருக்கிறது. வெளுக்காத போட்டோ பேப்பர் எது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இரண்டு வகை உண்டு. ஒன்றின் பூச்சு மையை உறிஞ்சி உப்பி, அதிலுள்ள சாயத்தைத் தனக்குள் மூடிக்கொள்ளும். காற்றிலுள்ள ஓசோன் அதை எளிதில் அண்டாது. ஆனால் ஐப்பசி அடைமழையின் ஈரத்தில் அந்தப் பூச்சு இளகிச் சாயம் கசியும். மற்றது நுண்துளைப் பூச்சு. கைபட்டால் கலையாத அளவுக்கு உடனே உலரும். ஆனால் அதே துளைகள் வழியே காற்றும் உள்ளே புகுந்து சாயத்தைத் தின்னும். ஈரம் மிகுந்த இந்த மண்ணுக்கு, நுண்துளைத் தாளில் கரையாத துகள்களால் ஆன பிக்மென்ட் மையால் அச்சிடுவதே பொருத்தம் என்பது என் எண்ணம். சோழ ஓவியன் குழைத்த காவியும் கரையாத துகள்தானே! ஆக, தாளை மட்டும் விலை கொடுத்து மாற்றிவிட்டுச் சாய மையையே ஊற்றினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

தாள், மைப் பெட்டிகளின் மேல் படம் நூறாண்டு நிற்கும் என்றும் அதற்கு மேலும் என்றும் போடுகிறார்கள். கடும் விளக்கொளியில் சில மாதம் வைத்துப் பார்த்துப் பெருக்கிக் கண்ட கணக்கு அது. வீட்டில் புகைப்படத் தரத்தில் அச்சிடும் வழக்கம் பரவியதே 1990-களில்தான் என்பதால், அத்தனை வயதான பிரிண்டர் படம் ஒன்றுகூட இன்னும் உலகில் இல்லை. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் போன்ற சேமிப்புகளின் ஓலைச்சுவடி மரபு ஓலையின் ஆயுளை நம்பி வாழவில்லை. ஓலை செல்லரிக்கும் முன் யாரோ உட்கார்ந்து பிரதி எடுத்தார்கள். நமக்கு அந்தப் பாடும் இல்லை, வெளுத்தால் மறுபடி அச்சிடலாம். அதற்குக் கணினிக் கோப்பு கையில் இருக்க வேண்டும். கைப்பேசி மாற்றும்போது பல வீடுகளில் தொலைவது அதுதான்.