மாற்றிய மடையைத் திருப்பி வைப்போம்



ஜொகூரில் நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியின் கணினிக் கழகத்தில் நான் செய்த தவறொன்றைச் சொல்லியே தொடங்குகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்களின் பைத்தான் நிரல்களைத் திருத்த நானே ஒரு சிறு நிரல் எழுதினேன். 'பிரிண்ட்' கட்டளை திரைக்கு அனுப்பும் விடையை அந்தந்த மாணவரின் கோப்புக்குத் திருப்பி, சரிபார்த்து, மதிப்பெண்ணைத் திரையில் காட்டுவதே அதன் வேலை. அதற்காக 'சிஸ்.எஸ்டிடிஅவுட்' என்னும் வெளியீட்டு வழியை, வாய்க்கால் மடையை மாற்றுவதுபோல் மாற்றினேன். ஒவ்வொரு நிரலும் முடிந்தபின் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு மாணவியின் நிரல் பூச்சியத்தால் வகுத்து நடுவில் நின்றது. பிழை நேர்ந்தால் அடுத்தவரிடம் செல்லுமாறு எழுதியிருந்ததால், மடையைத் திருப்பி வைக்கும் வரி இயங்கவே இல்லை. அடுத்த சுற்றில் என் நிரல் அம்மாணவியின் கோப்பையே 'பழைய நிலை' என்று குறித்துக்கொண்டது. பின்வந்தோரின் மதிப்பெண்கள் யாவும் அதற்குள் மறைந்தன, திரை வெறுமையாயிற்று. சரியாக எழுதியிருந்த ஒரு மாணவனை, நிரல் ஓடவில்லை என்று வகுப்பின் முன் கடிந்துகொண்டேன். மறுநாள் உண்மை தெரிந்ததும் அதே வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டேன்.

இதற்குப் பைத்தானிலேயே தீர்வு உண்டு. 2006இல் வந்த 2.5 பதிப்பு 'வித்' கூற்றைத் தந்தது. 2014இல் வந்த 3.4 பதிப்பு, 'கான்டெக்ஸ்ட்லிப்' தொகுதியில் 'ரீடைரெக்ட்_எஸ்டிடிஅவுட்' என்பதைச் சேர்த்தது. 'வித்' பகுதிக்குள் வெளியீடு கோப்புக்குச் செல்லும். வேலை நன்றாக முடிந்தாலும் பிழையால் முறிந்தாலும், அப்பகுதியை விட்டு வெளியேறும்போது பழைய வழி தானே மீளும். பிழை மறைக்கப்படுவதுமில்லை, அது வெளியே தெரியும்.

இது நம் தமிழுக்கும் அந்நியமன்று. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி பைத்தானில் எழுதப்பட்டது. 'பிரிண்ட்' செய்யும் பணியை அதில் 'பதிப்பி' செய்கிறது. வெளியீட்டைத் தற்காலிகக் கோப்புக்குத் திருப்பும் பகுதி அதன் மூல நிரலிலும் உண்டு.

'வித்' தொடக்கப்பள்ளிக்குக் கடினம் என்பார் உளர். நான் உடன்படவில்லை. முதலில் மாணவர்கள் கையால் மாற்றட்டும். வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைத்துத் திரை வெறுமையாவதைக் காணட்டும். பிறகு 'வித்' கற்கட்டும். அதன் தேவை அவர்களுக்கே விளங்கும்.

2017 முதல் நம் கலைத்திட்டத்தில் கணிமைச் சிந்தனை இடம்பெற்றுள்ளது. "விடை வந்ததா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "நடுவில் தவறினால் என்னவாகும்?" என்றும் கேட்போம். பெற்றோர்களே, வீட்டிலும் இக்கேள்வியைக் கேளுங்கள். இதை நான் முன்பே கேட்டிருந்தால், அந்த மாணவன் அன்று தலைகுனிந்து நின்றிருக்கமாட்டான்.