கேட்பது விடையா, ஞானமா?

தில்லியின் கரோல் பாக்கையும் அதை ஒட்டிய பழைய ராஜேந்திர நகரையும் குடிமைப் பணித் தேர்வைத் தவிர்த்துவிட்டு இன்று நினைத்துப் பார்க்க இயலாது. புது தில்லியைக் கட்டுவதற்காக 1920-களில் தம் ஊர்களிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியேறிய பகுதி கரோல் பாக். பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கும், மைய அரசுப் பணிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் அது இடம் கொடுத்தது. இப்போது பயிற்சி மையங்களை நம்பி வரும் இளைஞர்களுக்கு இடம் கொடுக்கிறது. அவர்களில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ மாணவர்களும் உண்டு. அறை வாடகை, விருப்பப் பாடம், அடுத்த முயற்சி, ஊர் திரும்புதல், திருமணம் என ஒவ்வொன்றும் ஜெபக் குறிப்பாகிறது. ஒவ்வொரு ஜெபத்திலும் எழும் கேள்வி ஒன்றுதான்: இதில் தேவசித்தம் என்ன?

கேள்வி நேர்மையானது. ஆனால் அது கேட்கப்படும் விதத்தில் ஒரு பிறழ்ச்சி நேர்ந்திருக்கிறது. கிறிஸ்தவ மறை ஞானத்தைக் கேட்கச் சொல்கிறது. பெரும்பாலான ஜெபங்களோ விடையைக் கேட்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. விடை கிடைத்தவனுக்குச் சிந்திக்க வேண்டிய தேவை தீர்ந்துவிடுகிறது. ஞானம் கிடைத்தவனுக்கு அங்கேதான் அது தொடங்குகிறது.

இவ்வேறுபாடு இறையியல் வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. 2023-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டோர் 1016 பேர். பொதுப் பிரிவினருக்கு 6 முயற்சிகள், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 9. ஒரு முயற்சிக்கு ஓராண்டு என்றாலும், இளமையின் பெரும்பகுதி அதில் கரையும். நான்காம் முறை தோற்ற ஒரு மாணவர், ‘கர்த்தர் வாக்குக் கொடுத்திருக்கிறார்’ என்னும் ஒரே காரணத்தால் ஐந்தாம் முறைக்குப் பணம் கேட்டு வீட்டுக்கு எழுதினால், அந்த வாக்கு எப்படி அறியப்பட்டது என்று கேட்கும் உரிமை நிலத்தை அடகு வைக்கும் தந்தைக்கு உண்டு.

அந்த உரிமையை மொழியே அடைத்துவிடுவதும் உண்டு. தமிழில் பிறர் வாய்க் கேள்வியைக் குறிக்க ‘ஆம்’ என்னும் ஒட்டு இருக்கிறது: வந்தான், வந்தானாம். ‘கர்த்தர் சொன்னார்’ என்று ஜெபித்தவர் கூறும்போது அந்த ஒட்டு இல்லை. ‘சொன்னதாக உணர்கிறேன்’ என்னும் இடைவெளியும் இல்லை. உள்ளத்தில் தோன்றிய உறுதி, நேரில் கேட்ட செய்தியின் வடிவத்தைப் பெறுகிறது. அதையே அத்தை ஒருவர் மூன்றாமவரிடம் ‘கர்த்தர் சொன்னாராம்’ என்று திருப்பிக் கூறும்போது ஐயம் முழுவதும் அந்த ஓரசையில் வந்து அமர்ந்துவிடுகிறது. முன்னதில் உரையாடலுக்கு இடமில்லை. பின்னதில் மரியாதைக்கு இடமில்லை. சேர்ந்து சோதித்தறிய வேண்டிய ஒன்று இவ்விரண்டுக்கும் இடையில் நழுவிப்போகிறது.

‘சித்தம்’ என்னும் சொல்லும் கவனிக்கத் தக்கது. மனம், விருப்பம் என்னும் பொருளில் அது வடமொழிச் ‘சித்த’விலிருந்து வந்தது. ஆயத்தம், முடிந்தது என்னும் பொருள் தரும் மற்றொரு வடமொழிச் சொல்லும் தமிழுக்கு வரும்போது அதே வடிவத்தை அடைகிறது. ‘சித்தமாயிரு’ என்பதில் இருப்பது இது. வேர்கள் வேறாயினும் காதுக்கு இரண்டும் ஒன்றே. தேவசித்தம் என்றதும் எங்கோ எழுதி முடித்து உறையிடப்பட்ட தீர்ப்பு ஒன்று நினைவுக்கு வருவதற்கு இந்த ஒலியொற்றுமை மட்டுமே காரணம் என்று கூற முடியாது. ஆயினும் அந்நினைப்புக்கு அது துணைபோகிறது.

மறைநூல் காட்டும் சித்திரம் வேறு. கிபியோனில் சாலொமோன் கேட்டதைக் குறிக்கும் எபிரேயத் தொடரின் நேர்ப்பொருள் ‘கேட்கும் இதயம்’ என்பது. அது அருளப்பட்டதும் நூல் சொல்லும் அடுத்த நிகழ்ச்சி, ஒரே குழந்தைக்கு உரிமை கோரிய இரு பெண்களின் வழக்கு. அங்கே வானிலிருந்து குரல் எதுவும் வரவில்லை. தாய் யார் என்று கனவு எதுவும் காட்டவில்லை. அரசன் இருவர் சொல்லையும் கேட்டான். உண்மை தானே வெளிப்படும் ஒரு வழியைக் கண்டான். அதையே மக்கள் தேவஞானம் என்று உணர்ந்தார்கள். ஜெபத்தின் பயன் தீர்ப்பில் அன்று, தீர்ப்பளித்தவனின் செவியில் தெரிந்தது.

யாக்கோபின் நிருபமும் இவ்வழியே செல்கிறது. ஞானத்தைக் கேட்கலாம் என்னும் அழைப்பு, சோதனைகளைப் பொறுத்துக்கொள்வது பற்றிய பேச்சின் நடுவில்தான் வருகிறது. பின்னர், மேலிருந்து வரும் ஞானத்தின் இயல்புகளை அடுக்கும் இடத்தில், பிறர் எடுத்துச் சொன்னால் கேட்டு இணங்கும் தன்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்று நிற்கிறது. அப்படியானால், மறுபேச்சுக்கு இடம் தராத ‘கர்த்தர் சொன்னார்’ என்னும் உறுதி அந்த நிருபத்தின் அளவுகோலிலேயே தேறுவது கடினம்.

சீட்டுப் போட்டுத் தேவசித்தம் அறியும் வழக்கமும் திருச்சபைக்குப் புதிதன்று. அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் மத்தியா அப்படித்தான் தெரிந்தெடுக்கப்பட்டார். பரிசுத்த ஆவியின் வருகைக்குப் பின் அந்நூலில் சீட்டு மீண்டும் தோன்றவில்லை. பதினைந்தாம் அதிகாரத்தில் எருசலேமில் பெருஞ்சிக்கல் எழுந்தபோது சபை கூடி வாதிட்டது, சாட்சிகளைக் கேட்டது, பின்னர் முடிவெடுத்தது. ஆவியானவருக்கும் தங்களுக்கும் நலமாகத் தோன்றியதாக எழுதி அனுப்பியது. முடிவில் தம் பங்கை அவர்கள் மறைக்கவில்லை.

1760-இல் தரங்கம்பாடியில் குடியேறிய மொராவிய சகோதரர்களின் திருச்சபை, திருமணம் உள்ளிட்ட பலவற்றுக்குச் சீட்டைப் பயன்படுத்தியது. நாளுக்கொரு வசனம் தரும் அவர்களுடைய நூல் 1731 முதல் அச்சாகி வருகிறது. திருமணத்தைச் சீட்டால் தீர்மானிக்கும் வழக்கத்தை அச்சபை பின்னர் கைவிட்டது; வசன நூலைக் கைவிடவில்லை. தியானத்துக்கு உரியது எது, தீர்மானத்துக்கு உரியது எது என்று பிரித்தறிந்த செயல் அது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைத் தேர்வு முடிவின் முன்னறிவிப்பாகப் படிக்கும் மாணவருக்கு இந்தப் பிரிவினை உதவும்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. ஆலோசனை சொல்லப் படித்த உறவினர் இல்லாத, தொலைவூரில் தனியே இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வசன அட்டையே துணை. அதையும் பறிப்பது அறிவாளிகளின் இரக்கமின்மை அல்லவா? துணையைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் துணை வேறு, உத்தரவாதம் வேறு. தோல்வி வரும் நாளில் உத்தரவாதம் துணையையும் சேர்த்து அழித்துவிடுகிறது. தேர்வில் தோற்றவர் தேவனும் தம்மைக் கைவிட்டதாகவோ, தம் விசுவாசம் போதவில்லையென்றோ எண்ணி இருமுறை தோற்கிறார். லொயோலா இஞ்ஞாசியார் இந்நிலையை அறிந்திருந்தார். உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில், முன்பு தெளிந்திருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றலாகாது என்பது அவர் வகுத்த விதி. மன எழுச்சிகளையும் சோர்வுகளையும் கவனித்துச் சோதிக்க வேண்டும் என்பது அவருடைய பயிற்சியின் சாரம். உணர்வு அங்கே சான்றுகளுள் ஒன்று, தீர்ப்பு ஆகாது.

சபைகள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சாட்சி சொல்ல ஒலிவாங்கி பெரும்பாலும் வென்றவர் கைக்கே போகிறது. அதே ஜெபத்தை அதே கண்ணீரோடு ஏறெடுத்துத் தோற்றவர் பின் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் பேசாத வரை, ஜெபித்தால் விடை வரும் என்னும் கணக்கு சரியாகவே தோன்றும். ஐந்தாம் முயற்சியை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி ஆசிரியராகப் பணியில் சேர்ந்த ஒருவர், அந்த முடிவுக்கு எப்படி வந்தார், யாரிடம் கேட்டார், எதைக் கண்டு அஞ்சினார், ஜெபம் அதில் என்ன செய்தது என்று எழுந்து சொன்னால், ஞானம் எப்படி இருக்கும் என்பதை இளையோர் கண்ணால் காண்பார்கள். அதற்கும் சாட்சி என்றே பெயர்.