எட்டாம் வகுப்புக்கு ஆறு புத்தகம் போதும்

பென்சில்வேனியாவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1க்குள் கல்வி மாவட்டத்திடம் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஆகவே ஜூலை வந்தால் புத்தகப் பட்டியல் போடும் வேலை தொடங்கிவிடும். எட்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் பட்டியலுக்கு முடிவே இராது. அடுத்த ஆண்டு உயர்நிலைப் படிப்பு. எதையாவது விட்டுவிட்டோமோ என்ற பயத்தில் இருபது தலைப்புகள் ஏறும். இலையுதிர்காலம் முடிவதற்குள் பாதிப் புத்தகங்கள் அலமாரியிலேயே தங்கிவிடும்.

இலக்கியத்தை மையமாக வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களின் சங்கம் இதில் ஒரு தெளிவான நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓராண்டில் ஆறு புத்தகங்களை முழுமையாக வாசித்தால் போதும். வேதாகமமும் கணக்கும் அன்றாடம் உண்டு. அதற்கு மேல் சேர்ப்பது அவரவர் விருப்பம், கடமையல்ல.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 1988ஆம் ஆண்டின் 169ஆம் சட்டம் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு 180 நாள் படிப்பையோ 990 மணி நேரத்தையோ கேட்கிறது. இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் கூட்டிப் பிடித்து, நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைக்கிற பெற்றோரும் உண்டு. நாள் கணக்கை எடுத்துக்கொண்டால் 36 வாரம், வாரத்துக்கு 5 நாள்; அதோடு முடிந்தது. வாசித்த புத்தகங்களின் தலைப்புகளை அவ்வப்போது குறித்துவர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்துகிற வீட்டுக்கு இதைவிடத் தோதான விதி வேறு என்ன வேண்டும்?

இந்த வழிக்கு முன்னோடி இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923). பாடப்புத்தகச் சுருக்கங்களை ஒதுக்கி, நல்ல ஆசிரியர் ஒருவர் எழுதிய முழுப் புத்தகத்தைக் கொடு, ஒரே ஒரு முறை வாசிக்க விடு, பிறகு பிள்ளை அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும் என்பதே அவருடைய முறை. சூசன் ஷேஃபர் மெக்காலே 1984இல் எழுதிய ஒரு நூல் அவரை அமெரிக்கக் கிறிஸ்தவ வீடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஒன்றை மறைக்க வேண்டியதில்லை: மேசனின் பாடத்திட்டங்கள் சிக்கனமானவை அல்ல, அவற்றில் புத்தகங்கள் ஏராளம். ஆனால் அவர் ஆம்பிள்சைடில் 1892 முதல் அதற்கென்றே ஆசிரியைகளைப் பயிற்றுவித்தார். நாலு வயதில் ஒன்று, ஏழு வயதில் ஒன்று, தொட்டிலில் ஒன்று என்று வைத்துக்கொண்டு பெரியவனுக்கும் பாடம் சொல்கிற தாய்க்கு அவருடைய முறை உதவும். அவருடைய அளவு உதவாது.

சங்கம் முன்வைக்கும் ஆறில் முதலாவது, பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் தன்வரலாறு. அவர் வைதிகக் கிறிஸ்தவர் அல்லர் என்று சில குடும்பங்கள் தயங்குகின்றன. தயங்க வேண்டாம். ஒயிட்ஃபீல்டின் பிரசங்கத்துக்குப் போனவர், காலணா கொடுப்பதில்லை என்ற உறுதியோடு உட்கார்ந்து, கேட்கக் கேட்க மனம் இளகி, கடைசியில் பையிலிருந்த பொன் வரை காணிக்கைத் தட்டில் கொட்டியதை அவரே எழுதியிருக்கிறார். மாநில வரலாறும் சட்டப்படி ஒரு பாடம், அதுவும் இந்தப் புத்தகத்திலேயே கிடைத்துவிடுகிறது. தீத்தடுப்பும் கட்டாயப் பாடங்களில் ஒன்று. பிலடெல்ஃபியாவில் 1736இல் தீயணைப்புச் சங்கம் தொடங்கியவரே அந்தக் கதையைச் சொல்லும்போது தனிப் பயிற்சித்தாள் எதற்கு?

இரண்டாவது, ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு. பதினோரு அத்தியாயங்கள்தாம், ஒரு பருவத்துக்குள் நிதானமாக முடிந்துவிடும். இதன் பின்னிணைப்பைச் சில பெற்றோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடிமைகளைச் சவுக்கால் அடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடை ஏறியவர்களின் மதம் வேறு, கிறிஸ்துவின் மார்க்கம் வேறு என்று டக்ளஸ் பிரித்துக் காட்டுவது அந்தப் பக்கங்களில்தான். கிறிஸ்தவ வீட்டில் வளரும் பிள்ளை இதைப் பதின்மூன்று வயதில், பெற்றோர் அருகில் இருக்கும்போதே படிக்க வேண்டும் என்பதில் சங்கத்துக்கு இரண்டாம் கருத்தில்லை.

வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’வில் 44 அத்தியாயங்கள். வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களில் இரண்டு என்று ஆண்டு முழுக்க ஓடும். அதில் வரும் யூதப் பெண் ரெபேக்காவைச் சூனியக்காரி என்று விசாரிக்கிறார்கள். இறுதிப் பருவத்தில் கோரி டென் பூம் எழுதிய ‘தி ஹைடிங் பிளேஸ்’ வருகிறது. ஹார்லெம் நகரில் யூதர்களை ஒளித்து வைத்ததற்காக 1944 பிப்ரவரியில் கைதான ஒரு கடிகாரக்கடைக் குடும்பத்தின் கதை அது. கோரியின் அக்கா பெட்சி ராவன்ஸ்புரூக் முகாமிலேயே இறந்துபோனார். இரண்டு புத்தகங்களும் ஒரே ஆண்டில் வந்தால், யாரும் எடுத்துச் சொல்லாமலேயே பிள்ளை கேட்கத் தொடங்கும் கேள்விகள் உண்டு. இருபது புத்தகங்களை அவசரமாகப் புரட்டும் வீட்டில் அந்தக் கேள்விகளுக்கு நேரம் இருப்பதில்லை.

பன்யனின் ‘மோட்சப் பிரயாணம்’ குடும்பமாகச் சத்தமாக வாசிப்பதற்கு. மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அதன் பக்கத்திலேயே எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ நூலையும் வைத்துக்கொள்ளலாம். பன்யனின் கதைதான் அங்கே தமிழ்க் காப்பியமாகியிருக்கிறது.

ஆறாவது, மைக்கேல் ஃபாரடே மெழுகுவர்த்தியைப் பற்றி இளைஞர்களுக்கு ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள். ஃபாரடே, சாண்டமேனியர் என்ற சிறிய சபையில் மூப்பராக இருந்த விசுவாசி. பாடத்தின் நடுவே வசனத்தைச் செருகாமலே, ஒரு சுடரை அவர் எவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறார் என்பதைப் பிள்ளை கண்டுகொள்ளும். பல சோதனைகளை அடுப்படியில் செய்து பார்க்கலாம். ஆனால் அறிவியல் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்று சங்கம் சொல்லவில்லை; ஓர் ஒழுங்கான பாடநூல் கூடவே நடக்கட்டும்.

கணக்கில் சுருக்கத்துக்கு இடமே இல்லை. கதைப் புத்தகம் அல்ஜீப்ராவைக் கற்றுத் தராது. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் கணக்குக்கும் வாசிப்பு–மொழிக்கும் தரப்படுத்தப்பட்ட தேர்வு உண்டு என்பதால் எட்டாம் வகுப்பில் இதை ஒத்திப்போடவும் முடியாது. எழுத்தும் அப்படியே: தினமும் வாய்மொழியாகத் திருப்பிச் சொன்னாலும், வாரம் ஒரு முறை இரண்டு பக்கம் எழுதித் திருத்த வேண்டும். வாசிப்பில் சிரமப்படும் பிள்ளைக்கு ஒலிநூல் குறுக்குவழி அல்ல. காதால் கேட்டுத் திருப்பிச் சொன்னாலும் அது முழுப் புத்தகம்தான்.

ஆண்டு முடிவில் தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையைச் சந்தித்து, கோப்பைப் பார்த்து, சான்று தர வேண்டும். அது ஜூன் 30க்குள் கல்வி மாவட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பாடம் நடத்தும் பெற்றோரே மதிப்பீட்டாளராக முடியாது. இந்த விதியை எடுத்துவிடச் சொல்லும் குரல்கள் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்குள்ளேயே உண்டு. சங்கம் அவற்றோடு சேரவில்லை. எளிய திட்டம் என்ற பெயரில் எதுவும் நடக்காத வீடுகளும் இருக்கின்றன. வெளியாள் ஒருவர் வந்து பிள்ளையிடம் டக்ளஸைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால் எது எந்த வீடு என்று தெரிந்துவிடும்.