ஒரு பட்டன் கெட்டால் லேப்டாப்பையே எறிவதா?

ரிங் பிரேமில் ஒரு கதிர் ஓட மறுக்கிறது. என்ன செய்கிறோம்? அந்தக் கதிரைக் கவனிக்கிறோம். மிஷின் முழுவதையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதில்லை. மண்வெட்டியின் காம்பு முறிந்தால் புதுக் காம்பு செருகுகிறோம். பம்புசெட் மோட்டார் புகைந்தால் காயில் கட்டி மறுபடியும் கிணற்றடிக்குக் கொண்டு வருகிறோம். கெட்டது எதுவோ அதை மாற்று. நல்லது எதுவோ அதை வைத்துக்கொள். உழைக்கிறவன் வீட்டுப் பொருளாதாரம் இதுதான்.

இன்று நம் வீடுகளுக்குள் ஒரு புது யந்திரம் வந்திருக்கிறது. அது லேப்டாப். 2011ல் தமிழ்நாடு சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. மில் தொழிலாளி வீட்டிலும் விவசாயக் கூலி வீட்டிலும் அது நுழைந்தது. இலவசமாகக் கிடைக்காதவர்கள் தவணை கட்டி வாங்கினார்கள், பழையதை வாங்கினார்கள். பெண் கல்லூரிப் பாடம் எழுத வேண்டும், பையன் வேலைக்கு மனுப் போட வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கினார்கள்.

ஒரு நாள் அதில் நாலு பட்டன் வேலை செய்வதில்லை. அல்லது ஒரே எழுத்து நாற்பது தரம் விழுகிறது. கடைக்குக் கொண்டு போனால் என்ன பதில்? "கீபோர்டு உடம்போடு சேர்ந்தது. மாற்றினால் செலவு அதிகம். புதிதாக வாங்கி விடுங்கள்." ஒரு பட்டனுக்காக, சேர்த்து வைத்த பல மாதச் சம்பளம் போகிறது. இந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நம் பதில்.

முதலில் கோளாறு எங்கே?

கீபோர்டு பெரிய மர்மம் அல்ல. சாதாரண லேப்டாப்பில் பட்டன்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கின்றன. அவற்றில் மின்சாரம் ஓடும் மெல்லிய கோடுகள், நெசவின் பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பட்டனை அழுத்தினால் இரண்டு கோடுகள் தொடுகின்றன; எழுத்து விழுகிறது. ஒரு கோடு அறுந்தால் அதில் தொங்கும் பட்டன்கள் எல்லாம் சேர்ந்து செத்துவிடும். எல்லாக் கோடுகளும் ஒரு மெல்லிய ரிப்பன் கேபிள் வழியாக உள்ளே இருக்கும் போர்டுக்குப் போகின்றன. அந்தக் கேபிள் நழுவினாலும் இதே கதைதான்.

ஆகவே பணத்தை எடுக்கும் முன் பரீட்சை செய்யுங்கள். பக்கத்து வீட்டிலிருந்தோ சங்க ஆபீசிலிருந்தோ ஒரு யூஎஸ்பி கீபோர்டை வாங்கி வந்து செருகுங்கள். அது சரியாக எழுதி, உடம்போடு சேர்ந்த கீபோர்டு மட்டும் தகராறு செய்தால், கோளாறு அந்தக் கீபோர்டில் அல்லது அதன் கேபிளில் இருக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி தகராறு செய்தால் கோளாறு பெரும்பாலும் உள்ளே ஓடும் புரோகிராமில். கீபோர்டை மாற்றுவது வீண் செலவு.

சில சமயம் கோளாறே இருப்பதில்லை. ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 விழுகிறதா? நம்லாக் பட்டன் விழுந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது. பட்டனை வெகுநேரம் அழுத்தினால்தான் எழுத்து வருகிறதா? விண்டோஸில் வலப்பக்க ஷிப்ட் பட்டனை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் அப்படி ஓர் ஏற்பாடு விழித்துக்கொள்ளும். மறுபடி 8 விநாடி பிடித்தால் அடங்கும். இதற்குப் பணம் கேட்பவனிடம் ஏமாறாதீர்கள்.

டீ கொட்டிவிட்டதா? உடனே ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கவிழ்த்து வையுங்கள். குறைந்தது இரண்டு நாள் தொடாதீர்கள். சூடு காட்டாதீர்கள், பிளாஸ்டிக் வளைந்துவிடும். பேட்டரி உப்பி கீபோர்டை மேலே தள்ளுகிறதா? இது விளையாட்டல்ல. தீப்பிடிக்கும் ஆபத்து. அன்றே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தி, பேட்டரியை மாற்றுங்கள்.

கீபோர்டுதான் செத்தது என்று முடிவானாலும் பையனின் பாடங்களும் படங்களும் சாகவில்லை. அவை இருப்பது வேறு இடத்தில். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெளிக் கீபோர்டைச் செருகிப் பரீட்சை மாதத்தைத் தாண்டிவிடலாம். உள் கீபோர்டு தானாக எழுத்துக் கொட்டினால் மெக்கானிக்கிடம் சொல்லி அதன் கேபிளைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். பவர் பட்டனும் அதே கேபிளில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சில மாடல்களில் அப்படித்தான்.

சின்னப் பழுது பெரிதானது எப்படி?

இத்தனை சின்னப் பழுது ஏன் இத்தனை பெரிய செலவாகிறது? கடைக்காரன் கெட்டவனா? இல்லை. அவனும் நம்மைப் போல் கையை நம்பிப் பிழைக்கிறவன். அவன் கையில் உதிரிப் பாகம் இல்லை. கம்பெனி விளக்கப் புத்தகம் தருவதில்லை. பல மாடல்களில் கீபோர்டை ஸ்குருப் போட்டு மாட்டுவதில்லை. டஜன் கணக்கான பிளாஸ்டிக் முளைகளை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பொறுமையுள்ள மெக்கானிக் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டிப் புதுக் கீபோர்டை மாட்டிவிடுவான். ஆனால் பத்து நிமிஷ வேலை அரை நாள் வேலையாகிறது. அந்த அரை நாள் கூலி நம் தலையில் விழுகிறது.

வேறு மாதிரி செய்ய முடியாதா? முடியும்! முன்பு ஐபிஎம் கம்பெனி செய்த திங்க்பேட் லேப்டாப்புகளில் அடிப்பக்கம் சில ஸ்குருக்களைக் கழற்றினால் கீபோர்டு கையோடு வந்துவிடும். அந்தப் பெயர் லெனோவோ கம்பெனிக்குக் கைமாறியது. பின்னர் வந்த பல மாடல்களில் அந்த வசதி போயிற்று. 2024ல் வந்த திங்க்பேட் டி14 மாடலில் கீபோர்டை எளிதில் மாற்றும் ஏற்பாடு மறுபடியும் வந்தது. போனதும் திட்டம், வந்ததும் திட்டம். விஞ்ஞானம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

அமெரிக்காவில் நடந்தது

உலகத்திலேயே விலை உயர்ந்த லேப்டாப் விற்கும் கம்பெனிகளில் ஒன்று ஆப்பிள். 2015ல் அது தன் மெல்லிய மேக்புக்கில் "பட்டர்ஃபிளை" என்ற புதுவகைக் கீபோர்டைப் போட்டது. யந்திரம் இன்னும் மெலிய வேண்டும் என்பதே நோக்கம். பலன் என்ன? ஒரு தூசி உள்ளே போனால் பட்டன் மடங்கிப் போயிற்று; அல்லது ஓர் எழுத்து இரண்டாக விழுந்தது. தூசி யந்திரத்தை என்ன செய்யும் என்பது பஞ்சுத் தூசியில் நிற்கும் மில் தொழிலாளிக்குத் தெரியும்; கோடீஸ்வரக் கம்பெனிக்குத் தெரியவில்லை!

அதைவிட மோசம் அடுத்தது. அந்தக் கீபோர்டு மேல்மூடியோடு ரிவெட் அடிக்கப்பட்டிருந்தது. அதே மூடியில் பேட்டரியும் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. கீபோர்டு கெட்டால் மேல்மூடியோடு பேட்டரியையும் சேர்த்து மாற்ற வேண்டும். வாரண்டி முடிந்தவர்களுக்கு அந்தச் செலவு நூற்றுக்கணக்கான டாலர்.

வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2018 மே மாதம் கலிபோர்னியாவில் எல்லோருக்குமாகச் சேர்த்து வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த மாதமே கம்பெனி இறங்கி வந்தது. வாங்கிய நாளிலிருந்து நாலு வருஷம் வரை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் பழைய வகைக்கே திரும்பியது. 2022 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதித்தது. தனித்தனியாகக் கடை வாசலில் நின்றபோது கிடைத்த பதில் "காசைக் கட்டு". சேர்ந்து நின்றபோது கிடைத்தது ஐந்து கோடி!

"மெலிதாகச் செய்ய இதுதான் வழி, பாதுகாப்புக்கு இதுதான் வழி" என்று கம்பெனிகள் சமாதானம் சொல்லாமல் இல்லை. அமெரிக்க சர்க்காரின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்தச் சமாதானங்களை ஆராய்ந்தது. அவற்றுக்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்று 2021 மே மாதம் அறிக்கை கொடுத்தது. பிறகு சட்டங்கள் வந்தன. நியூயார்க்கில் 2022 டிசம்பரில் கையெழுத்தானது. கலிபோர்னியாவில் 2023ல் நிறைவேறி 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு, கடைசியாகத் தயாரித்ததிலிருந்து 7 வருஷம் உதிரிப் பாகமும் கருவியும் விளக்கப் புத்தகமும் வெளி மெக்கானிக்குக்கும் நியாயமான முறையில் கிடைக்கச் செய்ய வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

இந்தியாவில் மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் இதற்கு ஒரு கமிட்டி போட்டது. அதே வருஷம் டிசம்பர் 24ந் தேதி ஓர் இணையப் பலகையைத் திறந்தது. கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் விவரங்களை அதில் தெரிவிக்கலாம். தெரிவிப்பது நல்லதுதான். ஆனால் தகவல் பலகை வேறு, கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேறு. முளையை உருக்கி ஒட்டாதே, உதிரிப் பாகத்தைப் பதுக்காதே என்று சொல்லும் சட்டமே நமக்குத் தேவை.

சட்டம் வரும் வரை கைகட்டி நிற்கவும் வேண்டாம். வாரண்டிக்குள் கீபோர்டு கெட்டு, சரிசெய்ய மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். கடைக்காரர் சொல்லும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் கீபோர்டை மட்டும் தனியாக மாற்ற முடியுமா? பாகம் என்ன விலை?" ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஊரே கேட்டால் கம்பெனிக்கு எழுதுவார்.

நம்மையெல்லாம்விடப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. அவர் நம் மாநில சர்க்கார். 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அது அறிவித்தது. லட்சக்கணக்கில் வாங்குகிறவன் நிபந்தனை போட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்? இனி வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் மூன்று வரி சேர்க்கட்டும்: கீபோர்டு ஸ்குருவால் மாட்டப்பட வேண்டும், கீபோர்டும் பேட்டரியும் தனித்தனியாக மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும், ஏழு வருஷம் உதிரிப் பாகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

இலவசமாகக் கொடுத்த யந்திரம் ஒரு பட்டனால் பரண் மேல் ஏறினால் அது யாருக்குக் கொடுத்த இலவசம்? மாணவனுக்கா, கம்பெனிக்கா? சங்கக் கூட்டத்திலும் கிராமசபையிலும் இந்த மூன்று வரிகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கிக் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டு போங்கள்.