மாமா, டைரக்ட் பண்ணிரவா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற என் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இங்கே இருக்கிறீர்கள். படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் சித்திரையில் ஒரு மத்தியானம் என் தங்கை மகன் போன் பண்ணினான். சின்ன லோடு வண்டி வைத்து ஓட்டுகிறவன். பழைய வண்டி, வாங்கிய கடனுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். "மாமா, ரேடியேட்டர் ஃபேன் சுத்தலை. வண்டி சூடாகுது. சுவிட்ச் போயிருச்சாம், மதுரையில இருந்து வரணும், ரெண்டு நாள் ஆகுமாம். டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வச்சு டைரக்ட் பண்ணிரலாங்கிறாரு. பண்ணிரவா?"

ரெண்டு நாள் வண்டி நின்றால் ரெண்டு நாள் வாடகை போச்சு. நானும் யோசிக்கவில்லை. "சரிப்பா, பண்ணிக்கோ" என்றேன். முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த வாய்தான் அது.

ஐப்பசியில் மருமகனுக்குக் காய்ச்சல். தீபாவளி நெருக்கம், லோடை நிறுத்த முடியாது. தெருவில் இருக்கிற ஒரு பையன், இருபது வயசு, லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆனவன், தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனான். எட்டயபுரம் தாண்டி, குறுக்குச்சாலை தாண்டி ஒரு குறையும் இல்லை. குடோன் வாசலில் வரிசை. அரை மணி நேரம் நின்று நின்று நகர வேண்டியிருந்தது. டேஷ்போர்டில் ஒரு கறுப்பு சுவிட்ச் இருப்பதையும், வண்டி நின்றால் அதைப் போட வேண்டும் என்பதையும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. மீட்டர் முள் சிவப்பில் நிற்பதைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்திருக்கிறான். அதுவரை சரி. அப்புறம் இறங்கி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டான்.

வலது கை முழங்கை வரைக்கும், கழுத்திலும் வெந்துபோனது. கண் தப்பியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. எஞ்சினில் ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்து, நாற்பதாயிரத்துக்கு மேல் செலவு. தீபாவளி ஓட்டம் முழுக்கப் போச்சு.

இதில் எனக்குப் பொறுக்க முடியாதது செலவு இல்லை. ஊரில் எல்லோரும் சொன்ன பேச்சு. "வெவரங்கெட்ட பய, சூடா இருக்கையில மூடியைத் திறப்பானா?" என்கிறார்கள். சொந்தத்திலேயே சொன்னார்கள். ஏன்யா, அந்த வண்டியைச் செய்தவன் இப்படி ஒரு விவரம் தெரியாத பையனும் ஓட்டுவான் என்று யோசித்துத்தானே ஃபேனைத் தானாகச் சுற்றும்படி வைத்தான்? அதைப் பிடுங்கி எறிந்தது நாம். சரி என்று சொன்னது நான். வெந்தது அவன் கை.

இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். அம்பாசிடர் காலத்தில் ஃபேன் பெல்ட்டில் சுற்றியது. எஞ்சின் வேகமாக ஓடினால் ஃபேன் வேகம், எஞ்சின் மெதுவானால் ஃபேனும் மெதுவு. ரோட்டில் அறுபதில் போகும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேன் தேவையே இல்லை. அப்போதுதான் அது பேயாகச் சுற்றும். நெரிசலில் நிற்கும்போதுதான் காற்று வேண்டும். அப்போது அது தூங்கும். கொடைக்கானல் மலை ஏறும்போது பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்த அம்பாசிடர்களை என் வயசுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். பெல்ட்டில் ஃபேனைச் சுற்றினால் அது ரேடியேட்டரைப் பார்த்து நிற்காது. அதனால் ஃபேனுக்குத் தனி மோட்டார். மோட்டார் என்று வந்த பிறகு, எப்போது சுற்ற வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டுமே. அதைச் சொல்வதுதான் அந்தச் சின்ன சுவிட்ச்.

பழைய வண்டிகளில் அதற்குள் இருப்பது ஈருலோகத் தகடு. வெப்பத்தில் விரிவடைதல் பாடத்தில் குண்டும் வளையமும் வைத்துக் காட்டுவேனே, அதே சமாச்சாரம். இரண்டு உலோகம் ஒட்டிய தகடு, சூட்டில் ஒன்று அதிகம் நீளும், இன்னொன்று குறைவாக நீளும், தகடு வளையும். தண்ணீர் 90 டிகிரியைத் தாண்டி, வண்டிக்கு வண்டி மாறும் ஒரு அளவுக்கு வந்ததும் வளைந்து தொடும். கரண்ட் ரிலேவுக்குப் போகும், ரிலே ஃபேனைப் போடும். ஆறினால் விலகும். வீட்டு அயர்ன் பாக்ஸில் 'டக்' என்று அணைகிறதே, அது இவனுடைய சித்தப்பா பிள்ளை. புது வண்டிகளில் தகடுக்குப் பதில் ஒரு சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதைப் பார்த்து வண்டியின் கம்ப்யூட்டர் ஃபேனை மெதுவாகவோ வேகமாகவோ விடும். ஏசி போட்டால் தானே சுற்றும். சாவியை எடுத்த பிறகும் சில வண்டியில் கொஞ்ச நேரம் சுற்றும். அதைப் பார்த்துப் பயந்து வயரைப் பிடுங்கியவர் நம் சொந்தத்திலேயே ஒருவர் உண்டு, பெயர் வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியும் சும்மா மூடி இல்லை. உள்ளே ஸ்பிரிங் வைத்து அழுத்தம் பிடிக்கும், குக்கர் மாதிரி. அந்த அழுத்தத்தில் தண்ணீர் நூறில் கொதிக்காது, 115, 120 வரைக்கும் தாங்கும். திறந்தவுடன் அழுத்தம் போய்விடும், தண்ணீர் அந்த நொடியில் கொதித்து, ஆவியோடு சேர்ந்து பாயும். துணியைச் சுற்றினால் நிற்குமா?

இனி நீங்கள் சொல்கிற நியாயங்களுக்கு வருகிறேன்.

"நம்ம ஊர் வெயிலுக்கு ஆட்டோமேட்டிக் ஒத்துவராது சார்." நிறையப் பேர் சொல்கிறீர்கள். அந்த சுவிட்ச் வெயிலைப் பார்ப்பதே இல்லையப்பா. அது பார்ப்பது உள்ளே இருக்கிற தண்ணீரை. வெளியே இருபது டிகிரி என்றால் ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றும், கோவில்பட்டி சித்திரை நாற்பது என்றால் அதிக நேரம் சுற்றும். வெயிலுக்கு ஏற்ப மாறுகிற சாமானை எடுத்துப்போட்டுவிட்டு, மாறாத சாமானை வைத்துவிட்டு, வெயிலுக்கு ஒத்துவராது என்கிறீர்கள். இன்னொன்று, இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் அவன் ஊருக்குச் செய்தது என்ற பேச்சு. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது சென்னை சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். 1990களிலேயே தொடங்கிய விஷயம். நம் ஊர்க்காரன் செய்த சாமானை அவன் நம்புகிறான்.

"எப்பவும் சுத்திக்கிட்டே இருந்தா நல்லதுதானே?" இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்விதான். தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும்வரை எஞ்சின் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடாது, உண்மை. மோட்டார் பிரஷ் சீக்கிரம் தேயும், பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் வீண் சுமை, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் அதோடு விடுவதில்லையே! ஃபேனை டைரக்ட் பண்ணுகிற கையோடு தெர்மோஸ்டாட்டையும் கழற்றிக் குப்பையில் போடுகிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே வராது. எஞ்சின் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும். அப்புறம் மைலேஜ் இல்லை என்று வண்டிக்காரன் உங்களிடமே வருவான்.

அந்த வயரிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபேன் மோட்டார் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குத்தான் ரிலே, அதற்குத்தான் ஃபியூஸ். இருபது ரூபாய் பொத்தான் சுவிட்ச், மெல்லிசு வயர், ஃபியூஸ் கிடையாது, மேலே டேப். மருமகன் வண்டியில் அந்த சுவிட்சின் பின்பக்கம் உருகி இருந்ததை நானே பார்த்தேன். ஏற்றிப்போவது என்ன சரக்கு? தீப்பெட்டி!

இப்போது சொல்லப்போவதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்த விஷயம். எஞ்சின் வேலை நடந்தபோது அந்தப் பழைய சுவிட்சைக் கழற்றி வாங்கி வந்தேன். வீட்டில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சுவிட்சின் அடிப்பக்கம் மட்டும் முங்கும்படி கம்பியில் தொங்கவிட்டு, ஒரு டார்ச் பல்பும் ரெண்டு பேட்டரியும் இணைத்தேன். பால் காய்ச்சுகிற சட்டியாம், வீட்டில் சத்தம். தண்ணீர் கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பல்பு எரிந்தது. அடுப்பை அணைத்தேன், ஆறியதும் அணைந்தது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அப்படியே.

சுவிட்ச் போகவே இல்லை.

அப்படியானால் சித்திரையில் ஃபேன் ஏன் நின்றது? மருமகனைக் குடைந்தேன். கீழ் ஹோஸ் கிளிப்பில் ரொம்ப நாளாகக் கசிவு. வாரத்துக்கு ஒரு பாட்டில் ஊற்றுவானாம். கூலன்ட் இல்லை, போர் தண்ணி. சீவலப்பேரித் தண்ணியைக் குடிக்கவே எண்ணி எண்ணிப் பிடிக்கிற ஊரில் ரேடியேட்டருக்கு எங்கே ஊற்றுவது? நம் போர் தண்ணியைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். வெளியே துடுப்பு இடுக்கில் கரிசல் புழுதியும் பஞ்சும். தண்ணீர் மட்டம் குறைந்தால் சுவிட்ச் காற்றில் தொங்கும். தண்ணீர் தொட்டால்தானே அதற்குச் சூடு தெரியும்? அது சுற்றச் சொல்லவில்லை. தண்ணீர் குறைகிறது என்று வண்டி சொன்ன ஒரே வார்த்தை அதுதான். ஹோஸ் கிளிப்பைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அந்த வாயையே அடைத்துவிட்டோம்.

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு இல்லை. வண்டியை விட்டுவிட்டுத் தலைமாட்டில் நின்று "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கிறவர்கள் நாம்தான். ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தால் அதற்குக் கூலி தர மாட்டோம். "ஒரு கிளிப்பை முறுக்கினதுக்கு முன்னூறா?" என்போம். டைரக்ட் என்றால் பத்து நிமிஷம், நூறு ரூபாய், ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

நடுரோட்டில் ராத்திரி நின்றுபோனால் டைரக்ட் பண்ணி வீடு வந்து சேருங்கள், ஒன்றும் சொல்ல மாட்டேன். ஃபியூஸ் போட்டுப் பண்ணுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டு அதையே வைத்தியம் என்று செய்யாதீர்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது முதலில் தண்ணீர் மட்டம், அப்புறம் ஃபியூஸ், ரிலே. சுவிட்ச் பிளக்கைக் கழற்றி ரெண்டு முனையையும் சேர்த்துப் பார்த்தால் பழைய வண்டியில் மோட்டார் நல்லதா இல்லையா என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இல்லை, தெரிந்தேதான் செய்யாமல் விடுகிறீர்கள். அதுதான் என் சண்டை.

ஏற்கெனவே டைரக்ட் பண்ணி ஓடுகிற வண்டி நம் சொந்தத்தில் மட்டும் மூன்று இருப்பதாகக் கணக்கு எடுத்திருக்கிறேன். இந்த மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். மாற்றும்வரை வேறு யார் கையிலாவது சாவியைக் கொடுத்தால், அந்த சுவிட்சைக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

அந்தப் பையன் இப்போது பரவாயில்லை. விரல் முழுசாக மடங்கவில்லை, தினமும் பயிற்சி செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். சுவிட்ச், பல்பு, பேட்டரி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். நம்பாதவர்கள் வந்து பாருங்கள். சட்டி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.