அரிப்பு அடங்கினால் வியாதி போய்விட்டதா?



மழைக்காலம் வந்துவிட்டால் நம் தோட்டங்களில் ஒரு காட்சி சகஜம். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஒருவர் இடுப்பைச் சொறிகிறார், இன்னொருவர் பூட்ஸைக் கழற்றிக் கால்விரல் இடுக்கைத் தேய்க்கிறார். பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. சேலை முந்தானைக்குள் சகித்துக்கொள்கிறார்கள். படர்தாமரை என்று நாம் சொல்வதும், குராப் என்று மலாய்க்காரர் சொல்வதும் இந்தப் பூஞ்சைக் காளான் வியாதியைத்தான். பனியில் நனைந்த புல்லில் நடந்து, வியர்வை ஊறிய உடுப்போடு பகல்வரை பால் வெட்டி, ரப்பர் பூட்ஸுக்குள் காலைப் புழுங்கவிடும் தொழிலாளிக்கு இந்த வியாதி வராமல் ஏர்கண்டிஷன் அறையில் இருக்கும் மானேஜருக்கா வரும்? இது உழைப்பின் வியாதி. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆனால் இதற்கு நம்மவர்கள் செய்யும் வைத்தியத்தைப் பற்றி வெட்கப்பட வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

ஒரு டியூப் இருக்கிறது. பல பெயர்களில், பல வர்ணங்களில் வருகிறது. சில்லறைக் கடையில் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் இருந்து எடுத்துத் தருகிறார்கள். இந்தியாவுக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் டஜன் கணக்கில் கொண்டுவந்து உறவினர்க்குப் பங்கிடுகிறார்கள். பூசிய இரண்டாம் நாள் அரிப்பு அடங்குகிறது, சிவப்பு மறைகிறது. “மந்திரம் போட்டது போலக் கேட்டது” என்று லயம் முழுவதும் பேச்சு. அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி வருகிறது. இந்தத் தடவை உள்ளங்கை அகலமாக வருகிறது. மறுபடி அதே டியூப். ஆறு மாதத்தில் வீட்டில் ஐந்து பேருக்கும் வியாதி, ஐந்து பேருக்கும் ஒரே டியூப்.

அந்த மந்திரம் என்ன என்று பார்ப்போம். டியூபுக்குள் இருப்பது ஒரு மருந்து அல்ல. பூஞ்சையைக் கொல்ல ஒன்று, அரிப்பை அடக்க ஸ்டீராய்டு ஒன்று, பலவற்றில் பாக்டீரியாவுக்கு வேறொன்றும் சேர்த்துக் கலந்திருக்கிறார்கள். நம் தோலில் பூஞ்சை குடியேறினால் உடம்பு அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தின் அடையாளம்தான் சிவப்பும் வீக்கமும் அரிப்பும். ஸ்டீராய்டு என்ன செய்கிறது? போராடுகிறவனின் கையைக் கட்டிவிடுகிறது. சத்தம் நிற்கிறது. சத்தம் நின்றதும் நாம் வியாதி போய்விட்டது என்று டியூபை மூடி வைக்கிறோம். பூஞ்சையோ முழுவதும் சாகாமல், எதிர்ப்பாரும் இல்லாமல், சாவகாசமாகப் பரவுகிறது. வேலைநிறுத்தக்காரரை அடக்கிவிட்டுத் தோட்டத்தில் அமைதி நிலவுகிறது என்று அறிக்கை விடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா?

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. தோலில் பூசும் ஹைட்ரோகார்ட்டிசோன் பலன் தருவதை வைத்தியர்கள் 1952-ல் வெளியிட்டார்கள். ஸ்டீராய்டு பூசப்பட்டு உருமாறிய படர்தாமரைக்கு ‘மாறுவேடப் படர்தாமரை’ என்ற பொருளில் இங்கிலாந்தின் டாக்டர்கள் இருவர் 1968-லேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஓரம் சிவந்து வட்டமாக இருக்க வேண்டிய வியாதி ஓரம் கலைந்து, தேமலா கரப்பானா என்று டாக்டரே திகைக்கும்படி ஆகிவிடுகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் தெரிந்த உண்மை நம் லயத்துக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை?

இதன் பலனை அனுபவித்த நாடு எது என்று கேட்டால், நாம் டியூப் வாங்கி வரும் இந்தியாதான். கடைக்கடையாகச் சீட்டில்லாமல் இந்தக் கலவைக் கிரீம்கள் விற்றதன் விளைவாக, சென்ற பத்து பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே படர்தாமரை ஒரு கொள்ளைநோய் போல் ஆகியிருக்கிறது. இரண்டு வாரத்தில் ஆறிய வியாதி மாதக்கணக்கில் ஆறுவதில்லை. டெர்பினஃபைன் என்ற நல்ல மருந்துக்கும் மசியாத ஒரு பூஞ்சை கிளம்பிவிட்டது. 2020-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதற்கு இந்தியாவின் பெயரையே சேர்த்து ‘ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்று நாமகரணம் செய்தார்கள். 2023-ல் அது நியூயார்க்கிலும் தென்பட்டதாக அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையம் அறிவித்தது. இந்த நிலைக்கு ஸ்டீராய்டுக் கலவைகளின் கண்மூடித்தனமான உபயோகத்தை ஒரு பெரிய காரணமாக இந்தியத் தோல் டாக்டர்கள் காட்டுகிறார்கள். அவர்களின் சங்கம் இதற்கென்றே தனிக் குழு அமைத்துப் போராடியது. 2018-ல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கலவை மருந்துகளுக்குத் தடை போட்டது. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் சேர்ந்த கிரீம்களும் அதில் அடக்கம். பிறந்த நாடே விலக்கிய சரக்கு நம் வீட்டு அலமாரியில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

“டாக்டரே எழுதித் தருகிறாரே?” என்று ஒரு கேள்வி வரும். தருகிறார். தோல் மிகவும் சிவந்து வீங்கி அரிப்புத் தாளாமல் இருக்கும்போது, தோலைப் பார்த்துவிட்டு, சில நாட்களுக்கு மட்டும், பெரியவர்களுக்குத் தருவதில் குற்றமில்லை. பிறகு ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை மருந்துக்கு மாற்றிவிடுவார். பீட்டாமெத்தசோனும் க்ளோட்ரிமசோலும் கலந்த கிரீமுக்கு அமெரிக்காவில் விதித்திருக்கும் நிபந்தனையைக் கேளுங்கள்: உடம்பிலும் தொடை இடுக்கிலும் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, பாதத்தில் நான்கு வாரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 45 கிராமைத் தாண்டக் கூடாது, பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிபாரிசு இல்லை, குழந்தையின் அணையாடைப் புண்ணுக்கு உதவாது, பூசிய இடத்தைக் காற்றுப் புகாமல் கட்டக் கூடாது. நம் சில்லறைக் கடையில் இதில் ஒன்றையாவது யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? தோலைப் பாராமலேயே சீட்டு எழுதும் டாக்டரையும் நாம் விட்டுவிடவில்லை. அவர் செய்வதும் கடைக்காரர் வேலைதான்.

தொடை இடுக்கு என்றோம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், வெட்கம் பார்த்தால் ஆகாது. நம் ஆண்கள் அதிகம் பூசுவது அங்கேதான். 1967-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் பல இடங்களில் தடவி, எங்கே எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று அளந்தது. முன்கையில் இறங்குவது ஒரு பங்கு என்றால் விதைப்பையில் 42 பங்கு. ஹைட்ரோகார்ட்டிசோன் மிகச் சாதுவான ஸ்டீராய்டு. இந்தியாவிலிருந்து வரும் சில டியூபுகளில் இருக்கும் க்ளோபெட்டசாலோ ஸ்டீராய்டுகளில் தலையாயது. அதை அங்கே மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து காகிதமாகிறது. பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவது போன்ற கோடுகள் தொடையில் விழுகின்றன. அந்தக் கோடுகள் பிறகு மறைவதே இல்லை. முகத்தில் பூசினால் பருவும், சிவந்த ரத்த நாளங்களும். கண்ணருகே நாட்பட்டால் கண்ணுக்கே கேடு. சின்னப் பிள்ளைகளுக்கு அகலமாகப் பூசினால் மருந்து ரத்தத்தில் ஏறி வளர்ச்சியைத் தடுக்கவும் கூடும். நிறம் வெளுக்கும் என்று முகத்தில் தடவும் பெண்களுக்கும் இதைச் சொல்கிறோம்: சுகாதார அமைச்சு தடைசெய்யும் அழகுக் கிரீம்களில் பாதரசத்தோடு பீட்டாமெத்தசோனும் அகப்படுகிறது.

பெயர் விஷயத்திலும் ஒரு பொறி உண்டு. க்ளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து, நல்லது. க்ளோபெட்டசால் ஸ்டீராய்டு. இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி போல ஒலிக்கின்றன. டியூபில் தமிழ் கிடையாது. எழுத்தோ எறும்பு அளவு. ஆகவே கிராணிமார்களே, உங்களுக்கு ஒரு வேலை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த நாம் சம்பளச் சீட்டை மட்டும் வாசித்துக் காட்டினால் போதாது. யாராவது டியூபோடு வந்தால் பெயர்களைப் படித்துச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ட்ரையாம்சினலோன், ஹைட்ரோகார்ட்டிசோன் இவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்நாட்டில் பதிவான மருந்துக்கு ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாத டியூப் கள்ளச் சரக்கு.

அப்படியானால் தொழிலாளி என்ன செய்வது? முதலில், எல்லா அரிப்பும் படர்தாமரை அல்ல. ஃபார்மிக் அமிலமும் அமோனியாவும் புழங்கும் கை வெந்து அரிக்கும். அதற்குப் பூஞ்சை மருந்து வேலை செய்யாது. அரிப்பே இல்லாமல் வெளுத்து, தொட்டால் உணர்ச்சியற்ற படை தொழுநோயாகவும் இருக்கலாம். அதைக் கிரீமால் மூடுவது பெருந்தவறு. தோலைக் கொஞ்சம் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். மலிவான சோதனை. இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்று மருந்தைக் கலந்து அடிப்பது, எந்த மாடு மேய்ந்தது என்று தெரியாமல் எல்லா மாட்டையும் அடிப்பது போலத்தான்.

பூஞ்சைதான் என்று தெரிந்தால் ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசோலோ மைக்கோனசோலோ டெர்பினஃபைனோ போதும். படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் பூசவேண்டும். மறைந்த பிறகும் ஓரிரு வாரம் நிறுத்தாமல் பூசவேண்டும். நம்மவர்கள் தவறவிடுவது இதைத்தான். தலைமுடியிலோ நகத்திலோ வந்தால், உடம்பில் அகலமாகப் பரவினால், மாத்திரை தேவை; அது டாக்டர் பாடு. துண்டு, கைலி, படுக்கை ஆளுக்கு ஒன்று தனியாக இருக்கவேண்டும். வீட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்கவேண்டும். பூட்ஸை வெயிலில் கவிழ்த்துக் காய வையுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் அந்த டியூபைப் பூசி வந்தவர்கள் நிறுத்தியதும் அரிப்பு முன்னைவிடச் சீறிக்கொண்டு வரும். பயந்து மறுபடி அதையே தொடாமல் டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசும் பாட்டிமார்களோடு நமக்குச் சண்டையில்லை. அந்த இலையிலும் பூஞ்சையை எதிர்க்கும் சத்து உண்டு. க்ளோபெட்டசாலைவிட அது ஆயிரம் மடங்கு யோக்கியமானது.

“அரசுக் கிளினிக்குக்குப் போங்கள், ஒரு வெள்ளிதானே” என்று உபதேசிப்பவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறோம். ஒரு வெள்ளி கிளினிக்கில். போகவர வாகனத்துக்கு எத்தனை வெள்ளி? அன்றைய வெட்டு போனதற்கு எத்தனை வெள்ளி? தஞ்சோங் ரம்புத்தான் என்றால் நாடு முழுவதற்கும் 1911-லிருந்து இயங்கும் மனநோய் மருத்துவமனை ஞாபகம் வரும். அதைச் சொல்லிக் கேலி பேசுவோரும் உண்டு. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊரிலிருந்து, தோல் டாக்டரைப் பார்க்க ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். ஒரு நாள் பூராவும் போய்விடும். டியூபோ லயத்து வாசலிலேயே கிடைக்கிறது. தொழிலாளி எதை எடுப்பான்? அவன் அறியாமையால் மட்டும் அதை எடுக்கவில்லை. கணக்குப் பார்த்துத்தான் எடுக்கிறான்.

முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் டிரசர் இருந்தார். அவரைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ல் ஒரு சட்டம் வந்தது. மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள், டிரசரின் கதவும் பல இடங்களில் சாத்தப்பட்டது. அந்தக் காலி இடத்தில்தான் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். 1952-ம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி ஸ்டீராய்டு நச்சுப் பொருள். சில்லறைக் கடையில் அதை விற்க அனுமதியே இல்லை. சட்டம் இயற்றி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் பார்க்க அதிகாரிகளுக்கு இன்னும் நேரம் வரவில்லையா?

நாம் கேட்பது இவை. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தோட்டத்துக்கும், பக்கத்துத் தோட்டங்கள் சேர்ந்தாவது, தகுதிபெற்ற மருத்துவ உதவியாளர் வாரம் ஒரு நாள் வரவேண்டும். தோலைச் சுரண்டிப் பார்க்கும் வசதி அவரிடம் இருக்கவேண்டும். தோல் வியாதிக்காகக் கிளினிக்குக்குப் போகிறவருக்கு அந்த அரை நாள் சம்பளம் பிடிக்கக் கூடாது. 1955-ம் ஆண்டின் வேலைச் சட்டம் டாக்டர் சான்றிதழோடு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு வருஷ சர்வீஸுக்கு 18 நாள், ஐந்து வருஷத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்புத் தருகிறது. ஆனால் “படைக்கெல்லாம் லீவா?” என்று சிரிக்கும் மானேஜர்கள் இருக்கிறார்கள். தொடை இடுக்கு எரிய, மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு நிரை வெட்டிப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கட்டும்.

கமிட்டித் தோழர்கள் இந்த மாதத்துக்குள் லயம் லயமாகப் போய், எந்தெந்த டியூப் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று குறித்து, காலி டியூபுகளையும் சேர்த்துத் தோட்டக் கிளையில் ஒப்படைக்க வேண்டும். கிராணிமார்கள் பெயர்களைத் தெளிவாக எழுதிக் கொடுப்பார்கள். பட்டியலைப் பேராக் மாநில சுகாதார இலாகாவின் மருந்து அமலாக்கப் பிரிவில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வருவோம்.