உங்கள் கை எத்தனை செய்யும்?

கோப்பெங்கிலோ ஈப்போவிலோ படித்துக்கொண்டு, கண் மருத்துவர் ஆக வேண்டும் என்று நினைக்கும் மாணவரா நீங்கள்? பாதை நீளமானது. எஸ்.பி.எம். தாண்டி, ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு, பிறகு ஹவுஸ்மேன்ஷிப், அதன்பின் கண் மருத்துவத்தில் முதுகலை. அதற்கும் மேலே ஒரு படி உண்டு. அதுதான் ஃபெலோஷிப் எனும் உயர்பயிற்சி. அதை எங்கே பெறுவது என்ற கேள்வி வரும்போது பலரும் மருத்துவமனையின் பெயரையும் புது இயந்திரங்களையும் பார்க்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு என்பேன்: அங்கே என் கையால் எத்தனை அறுவைச் சிகிச்சைகள் செய்வேன்?

கண்புரைச் சிகிச்சையையே எடுத்துக்கொள்வோம். மங்கிப்போன இயற்கை வில்லையை அகற்றி, அதன் மெல்லிய உறைக்குள் செயற்கை வில்லையைப் பொருத்துகிறார்கள். அந்த உறையின் பின்சுவர், மிக மெல்லிய இடத்தில், ஏறக்குறைய 4 மைக்ரோமீட்டர்தான். தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது கிழிந்தால் கண்ணின் உள்ளே இருக்கும் கூழ் முன்னே வந்துவிடும். எவ்வளவு அழுத்தலாம் என்பதை எந்தப் புத்தகமும் விரலுக்குச் சொல்லித் தராது. நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புரியும். பால்மரத்தில் பட்டையைச் சீவும் உளி, உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொட்டால் மரத்துக்குக் காயம். அந்த அளவு அவர்களுக்கு வெட்டி வெட்டித்தான் வந்தது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போயிருந்தன. அந்தக் கைகளைப் பழக்கி 100,000-க்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். பணி ஓய்வுக்குப் பின் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று பல நாட்டு மருத்துவர்கள் அங்கே பயிற்சிக்குப் போகிறார்கள். நோயாளிகள் மிகுதி; அதனால் கைக்கு வேலையும் மிகுதி.

பெரிய நாடுகளும் எண்ணித்தான் பார்க்கின்றன. அமெரிக்காவில் கண் மருத்துவச் சிறப்புப் படிப்பை முடிக்க, குறைந்தது 86 கண்புரைச் சிகிச்சைகளை முதன்மை மருத்துவராகச் செய்திருக்க வேண்டும். பிரிட்டனில் பல ஆண்டுகளாக அந்த எண் 350. பக்கத்தில் நின்று பார்த்தது கணக்கில் சேராது.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதுமா? போதாது. மேசையில் படுத்திருப்பது யாரோ ஒருவருடைய பாட்டி. பழகுவதற்குக் கிடைத்த பொருள் அல்ல. ஆட்டுக் கண்ணிலும் கணினிப் பாவனைக் கருவியிலும் முதலில் பழக்குகிறார்களா, சிகிச்சையின் ஒவ்வொரு கட்டமாகக் கையில் கொடுக்கிறார்களா, தவறும் நொடியில் கருவியை வாங்கிக்கொள்ள மூத்தவர் அருகில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஆயிரம் செய்தாலும் அது பயிற்சி ஆகாது. சிக்கல் ஏற்பட்ட சிகிச்சைகளையும் கணக்கெழுதி வைக்கும் இடத்தைத்தான் நான் நம்புவேன்.

இது நமக்குத் தொலைவான விஷயம் இல்லை. 2014-ஆம் ஆண்டு தேசியக் கண் ஆய்வின்படி, மலேசியாவில் 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்கு முதல் காரணம் சிகிச்சை பெறாத கண்புரையே. பழகிய கைகள் இங்கே இன்னும் தேவை.

அந்தப் படிக்கு நீங்கள் வரும்போது, விளம்பர ஏட்டை மூடிவிட்டு, அங்கே இப்போது பயிற்சியில் இருக்கும் ஒருவரிடம் பேசுங்கள். போன மாதம் தொடக்கம் முதல் முடிவு வரை அவரே செய்தது எத்தனை, அப்போது பக்கத்தில் இருந்தவர் யார் என்று கேளுங்கள்.